கைக்கோளர், செங்குந்தர்: ஈட்டியா, தறியா?

கேள்வி இது: கைக்கோளரும் செங்குந்தரும் ஒரே சமூகமா? சோழர் படையில் இருந்தவர்கள் பிறகு தறிக்குழியில் இறங்கினார்களா, நெசவாளர்கள் பின்னாளில் படைப் பெருமையைச் சூடிக்கொண்டார்களா? 'முதலியார்' பட்டம் எங்கிருந்து வந்தது?

முதல் கேள்விக்கு ஒரு வரி போதும். இன்று இரண்டும் ஒரே சமூகத்தின் பெயர்கள். கைக்கோளர் என்பது கல்வெட்டிலும் வரிக்கணக்கிலும் வரும் பெயர்; செங்குந்தர் என்பது புராணமும் புலவர் பாட்டும் தந்து, இருபதாம் நூற்றாண்டில் சாதிச் சங்கங்கள் முன்னிறுத்திய பெயர். மற்ற இரண்டு கேள்விகளையும் பொறுமையாகத்தான் பிரிக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுகளாக ஒரே பெயர் இருந்ததால், அந்தப் பெயருக்குள் இருந்தவர்களும் ஆயிரம் ஆண்டுகளாக ஒரே கூட்டம் என்று நினைத்துக்கொள்வதுதான் பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம்.

பெயரிலிருந்து தொடங்கலாம். கை + கோல், அதாவது தறியில் கோலைக் கையாள்பவர், ஆகவே கைக்கோலர் என்று ஒரு விளக்கம் பரவலாக உண்டு. இது இலக்கணப்படி நிற்காது. பெயரில் இருப்பது ளகரம். கோலில் இருப்பது லகரம். 'கோள்' என்பது 'கொள்' என்ற வினை முதல் நீண்டு பெயரானது. படு பாடாவது போல, கெடு கேடாவது போல. கையில் கொள்பவர், கையால் பற்றுபவர் என்ற அளவுக்கே சொல் இடம் கொடுக்கிறது. பற்றியது ஈட்டியா, தறியில் ஓடும் நாடாவா என்று சொல் சொல்லவில்லை. கைவலிமை உடையவர் என்று பொருள் கொண்ட வரலாற்றாசிரியர்களும் உண்டு. கல்வெட்டில் எழுத்து எப்படி இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யலாமே என்றால், அதுவும் நடக்காது. இடைக்காலக் கல்வெட்டுகளில் கொகரத்துக்கும் கோகாரத்துக்கும் தனித்தனி வடிவம் இல்லை, மெய்க்குப் புள்ளியும் பெரும்பாலும் வைப்பதில்லை. 'கைக்கொள' என்றும் 'கைக்கோள' என்றும் படிக்கக்கூடிய ஒரே வரிவடிவம்தான் கல்லில் இருக்கும். பெயரைக் கொண்டு தொழிலை நிறுவ வருபவர்களை இந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம்.

செங்குந்தர் என்பதில் இந்தச் சிக்கல் இல்லை. குந்தம் என்றால் ஈட்டி. செங்குந்தம் சிவந்த ஈட்டி, குருதி தோய்ந்த ஈட்டி. இது முழுக்கப் படைப்பெயர்.

இனிக் கல்வெட்டு. பத்து, பதினோராம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டுகளில் 'தெரிஞ்ச கைக்கோளர்' என்ற தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. தெரிஞ்ச என்றால் தெரிந்தெடுத்த, பொறுக்கியெடுத்த. அதற்கு முன்னால் ஒரு விருதுப்பெயர் நிற்கும்: சமரகேசரித் தெரிஞ்ச கைக்கோளர், விக்கிரமசிங்கத் தெரிஞ்ச கைக்கோளர், சிங்களாந்தகத் தெரிஞ்ச கைக்கோளர். இவை அரசர்களின் பெயராலும் விருதுகளாலும் அமைந்த படைப்பிரிவுகள். பரம்பரைப் பெருமை பேசுபவர்கள் இந்தத் தொடரைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். அவர்கள் காட்டும் சான்று மெய்யானது. அதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

அதே காலக் கல்வெட்டுகளில் வில்லிகள், குதிரைச் சேவகர், ஆனையாட்கள், வேளைக்காரர் (அரசனுக்காக உயிர் கொடுக்க உறுதி பூண்டவர்) என்றும் படைப்பிரிவுகள் வருகின்றன. வில்லிகள் ஒரு சாதி என்று யாரும் சொல்வதில்லை, வில் பிடித்தவர்கள். கைக்கோளரும் அதே வரிசையில் நிற்கும்போது, அது ஒரு சாதியின் பெயரா, கைகலந்து போரிடும் படைவகையின் பெயரா என்ற ஐயம் நியாயமானது. இதற்கு வலுச் சேர்ப்பது இன்னொரு செய்தி. அந்தக் காலத்து நெசவாளர்களைக் குறிக்கக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் பயன்படுத்தும் முதன்மையான சொல் சாலியர். உத்தம சோழனின் செப்பேட்டில் காஞ்சிபுரத்துக் கோயில் நிர்வாகப் பொறுப்பைப் பெறுபவர்கள் அங்கே பல சேரிகளில் குடியிருந்த பட்டசாலியர். அதற்கும் முந்திய நெசவுச் சொற்கள் வேறு. சிலப்பதிகாரம் புகார் நகரத்து நெசவாளரை 'கட்டு நுண்வினைக் காருகர்' என்கிறது. பெரியபுராணத்தில் நேச நாயனார் அறுவையர் குலம். அறுவை என்றால் துணி. நேச நாயனாரைத் தம்மவர் என்று ஒன்றுக்கு மேற்பட்ட நெசவுச் சமூகங்கள் கொண்டாடுவதற்கு இடம் கொடுத்ததே அந்தப் பொதுச்சொல்தான்.

பதிமூன்றாம் நூற்றாண்டை ஒட்டிக் காட்சி மாறுகிறது. கோயிலைச் சுற்றிய திருமடைவிளாகத் தெருக்களில் குடியேறியவர்களாகக் கைக்கோளர் வருகிறார்கள். விசயநகரக் காலத்தில் தறிக்கடமை (தறிக்கான வரி) செலுத்துபவர்களாக, கோயிலுக்கு நிலமும் விளக்கும் கொடுப்பவர்களாக, சில இடங்களில் கோயில் கணக்கைக் கண்காணிப்பவர்களாக வருகிறார்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்கள் கேட்டுப் பெற்ற உரிமை தண்டும் சங்கும்: நல்லது கெட்டதுக்குப் பல்லக்கில் போகலாம், சங்கு ஊதலாம். காஞ்சிபுரத்திலும் விரிஞ்சிபுரத்திலும் உள்ள கைக்கோளருக்கு உள்ளபடியே எங்களுக்கும் வேண்டும் என்று பிற ஊரார் முன்மாதிரி காட்டிக் கேட்கிறார்கள். அந்தக் கோரிக்கையிலிருந்து இரண்டு செய்திகள் தெரிகின்றன. துணி வணிகத்தால் கையில் பணம் சேர்ந்திருக்கிறது. ஊர் கடந்து ஒருவர் நிலையை இன்னொருவர் அறியும் கட்டமைப்பும் வந்துவிட்டது. என் கணிப்பில், இன்று நாம் சாதி என்று சொல்லும் பொருளில் கைக்கோளர் உருவானது இந்தக் காலத்தில்தான்.

அப்படியானால் படைவீரர் என்ன ஆனார்கள்? சோழப் பேரரசு ஒடுங்கியபின் வேலை இழந்த படைக்குடிகள் தறியேறினார்கள் என்பது ஒரு கருத்து. நெசவாளர்களும் வணிகரும் வழிப்பயணப் பாதுகாப்புக்காகவே ஆயுதம் பழகியவர்கள், படையும் தறியும் தொடக்கம் முதலே ஒரே வீட்டில் இருந்தன என்பது இன்னொன்று. இரண்டாவது எனக்குக் கூடுதலாக ஒத்துவருகிறது. சரக்கோடு நெடுந்தூரம் போன வணிகக் குழுக்கள் ஆயுதக் காவலோடுதான் போயின, அதில் புதுமை ஒன்றுமில்லை. தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஆங்கிலேயர் எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுப்பு கைக்கோளரின் உட்பிரிவுகளாகச் சோழியர், ரட்டு, சிறுதாலி, பெருந்தாலி முதலியவற்றோடு 'சேவகவிருத்தி' என்ற ஒன்றையும் குறிக்கிறது. பழந்தமிழில் சேவகம் என்றால் படைத்தொழில், சேவகன் வீரன். நெசவுச் சமூகத்தின் ஒரு கிளைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது சிறிய தடயம், ஆனால் தற்பெருமைக்காகப் பின்னாளில் யாரும் செய்துவைத்த பெயராகத் தெரியவில்லை.

புராணத்துக்கு வருவோம். கந்தபுராணத்தில் முருகனுக்குத் துணை நின்றவர்கள் இலக்கத்து ஒன்பதின்மர், அதாவது ஓர் இலட்சத்து ஒன்பது பேர். அந்த ஒன்பது பேர் நவவீரர். உமையின் சிலம்பிலிருந்து சிதறிய நவமணிகளில் தோன்றிய ஒன்பது பெண்களின் பிள்ளைகள். வீரவாகு, வீரகேசரி, வீரமகேந்திரர், வீரமகேசுவரர், வீரபுரந்தரர், வீரராக்கதர், வீரமார்த்தாண்டர், வீராந்தகர், வீரதீரர் என்று வரிசை. சூரபதுமன் அழிந்தபின் இவர்கள் முசுகுந்தனுக்குத் துணையாக மண்ணுக்கு வந்தார்கள், அவர்கள் வழியே செங்குந்தர் என்பது சமூகத்தின் தோற்றக்கதை. முசுகுந்தன் சோழர் முன்னோர் வரிசையில் வைக்கப்படுபவன்; ஆகவே ஒரே அடியில் முருகனோடும் சோழரோடும் முடிச்சு விழுந்துவிடுகிறது. கந்தபுராணம் அரங்கேறியது காஞ்சிபுரம் குமரகோட்டத்தில். சமூகத்தின் உள் அமைப்பில் தலைமை இடமும் காஞ்சிபுரம். இந்தப் பொருத்தத்தைச் சும்மா விட்டுவிட முடியாது. இன்றும் பல ஊர்களில் சூரசம்ஹாரத்தின்போது நவவீரர் வேடம் தரித்துக் காப்புக்கட்டி நிற்பது செங்குந்தர் உரிமை. கதையை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த உரிமை மட்டும் ஊர்க் கோயில்களில் நடைமுறையில் இருக்கும் உண்மை, அதற்காக வழக்காடவும் மக்கள் தயங்குவதில்லை.

ஒட்டக்கூத்தர் பெயரில் வழங்கும் ஈட்டி எழுபது இந்த மரபின் இலக்கியத் தூண். விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய மூவர் அவையிலும் இருந்த புலவர் கூத்தர், பன்னிரண்டாம் நூற்றாண்டு. பாட்டுக்கு விலையாக எழுபது தலைப்பிள்ளைகளின் தலையைக் கேட்டார், தலைகள் குவிந்தன, பாடி முடித்தபின் இன்னொரு பாட்டால் தலைகளை மீண்டும் உடலில் ஒட்டவைத்தார், அதனால் 'ஒட்ட'க்கூத்தர் ஆனார் என்பது கதை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேளாளருக்கு ஏர் எழுபது, வன்னியருக்குச் சிலை எழுபது, செங்குந்தருக்கு ஈட்டி எழுபது. முதல் இரண்டும் கம்பர் பெயரில், மூன்றாவது கூத்தர் பெயரில். ஒவ்வொரு சமூகத்துக்கும் அதன் கருவியைத் தலைப்பாகக் கொண்டு, ஒரு பெரும்புலவர் பெயரில், எழுபது என்ற எண்ணில் நூல். இது ஓர் இலக்கிய வகை. வகையை வகையாகப் படித்தால் அதன் மதிப்பு குறையாது. படைவரிசைப் பட்டியலாகப் படித்தால்தான் ஏமாற்றும்.

உள் அமைப்பைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அடையாளத்தை உண்மையில் தாங்கிநின்றது அதுதான். சமூகம் 72 நாடுகளாகப் பிரிந்திருந்தது. தர்ஸ்டன் தரும் கணக்கில் மேல்நாடு 44, கீழ்நாடு 28. எல்லாவற்றுக்கும் மேலே காஞ்சிபுரத்து மகாநாடு. ஊர்த் தகராறு ஊரில் தீராவிட்டால் நாட்டுக்குப் போகும், அங்கும் தீராவிட்டால் மகாநாட்டுக்கு. ஊர்த்தலைவர் பெரிதனக்காரர் அல்லது பட்டக்காரர். கொங்குப் பகுதியில் திருச்செங்கோட்டை ஒட்டிய ஏழூர் நாடு நெடுங்காலம் வலுவாக இருந்தது. இந்த நாடுகள் அரசின் வரிப்பிரிவுகளாக இருந்த பழைய நாடுகளின் சாயலில் அமைந்தவை. நூல் விலை, கூலி, கோயில் மரியாதை, திருமண விதி எல்லாம் ஒரே சபையில் பேசப்பட்டன. தறிக்காரர்களுக்கு இந்த ஒற்றுமை தேவைப்பட்டது. பாவு (நெடுக்கு நூல்) நீட்டி ஆற்றத் தெரு வேண்டும், நூலுக்கு வணிகர் முன்பணம் வேண்டும், ஒருவர் விலையைக் குறைத்தால் தெருவே கெடும். சாதிகளை இரண்டு அணிகளாக நிறுத்திய வலங்கை, இடங்கைப் பிரிவில் இவர்கள் பெரும்பாலும் இடங்கையில் வைக்கப்பட்டவர்கள். வேளாண்மையைச் சார்ந்த குடிகள் வலங்கையிலும், கைத்தொழிலும் வணிகமும் செய்தவர் பலர் இடங்கையிலும் நின்ற பொதுப் போக்குக்கு இது பொருந்துகிறது.

கோயில் தொடர்பின் இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கோயில் ஆடல்பாடல் பணிக்குப் பெண்களை நேர்ந்துவிட்ட குடிகளில் கைக்கோளரையும் தர்ஸ்டன் குறிக்கிறார். காலனியக் காலப் பதிவாளர்கள் ஒரு வட்டாரத்தில் கேட்டதை முழுச் சமூகத்துக்கும் ஏற்றி எழுதுவது வழக்கம். இந்தச் செய்தியையும் அந்த எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதைத் தடைசெய்த 1947 சென்னை மாகாணச் சட்டம் அந்த வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மேளக்காரர் உள்ளிட்ட இசைக்குடிகள் இருபதாம் நூற்றாண்டில் இசை வேளாளர் என்ற தனி அடையாளத்தில் திரண்டார்கள்.

'முதலியார்' பற்றி: முதலி என்றால் முதன்மையானவர், தலைவர். கல்வெட்டில் படைத்தலைவரும் கோயில் அதிகாரியும் முதலி. 'கைக்கோள முதலிகள்' என்ற தொடரும் உண்டு. மரியாதை விகுதி சேர்ந்து முதலியார். இது பட்டமே ஒழியச் சாதி அன்று. தொண்டைமண்டல வேளாளரும், துளுவ வேளாளர் எனப்படும் அகமுடையாரும், செங்குந்தரும் இதே பட்டத்தைப் போட்டுக்கொள்கிறார்கள். மூவருக்கும் இடையே மரபாகக் கொள்வினை கொடுப்பினை இல்லை. பழைய ஆவணத்தில் 'முதலியார்' என்று மட்டும் கண்டால் எந்தச் சமூகம் என்று முடிவு கட்டாதீர்கள். நெசவாளர் என்று மட்டும் கண்டாலும் அதே எச்சரிக்கைதான். தேவாங்கர் தேவல முனிவரையும் சவுடேசுவரி அம்மனையும் முன்வைப்பார்கள். பத்மசாலியர் மார்க்கண்டேயர் வழி என்பார்கள். சௌராட்டிரர் வீட்டுமொழியே வேறு. காஞ்சிபுரம், ஆரணி, குடியாத்தம், சென்னிமலை, ஜெயங்கொண்டம் போன்ற ஊர்களில் செங்குந்தர் தெரு என்றே தனித் தெருக்கள் அமைந்திருக்கும். யாழ்ப்பாணத்திலும் இவர்கள் உண்டு. கல்வியங்காட்டில் செங்குந்தா இந்துக் கல்லூரி இருக்கிறது.

பெயர் மாற்றம் இந்தச் சமூகத்துக்கு மட்டும் உரியதல்ல. 1871இலிருந்து குடிக்கணக்கு சாதிவாரியாக எடுக்கப்பட்டது. 1901இல் சமூக வரிசை அடிப்படையில் சாதிகளை அடுக்கப் புறப்பட்டதும் மனுக்கள் குவிந்தன. சாணார் என்று எழுதப்பட்டவர்கள் 1921இல் நாடார் என்ற பெயரை அரசுப் பதிவில் பெற்றார்கள். அதே அலையில் தொழிலைச் சுட்டுவதாகக் கருதப்பட்ட கைக்கோளரைவிட வீரத்தைச் சுட்டும் செங்குந்தர் முன்னுக்கு வந்தது. ஆகவே 1800களின் ஆவணத்தில் கைக்கோளர் என்றிருக்கும் குடும்பம் 1940களில் செங்குந்தர் என்று இருந்தால், அது வேறு குடும்பம் என்றோ ஏமாற்று என்றோ பொருள் இல்லை.

குடும்ப வரலாற்றைத் தேடுபவர்களுக்கும், கையில் ஒரு கல்வெட்டுப் படியோ செப்பேட்டுப் படியோ வைத்துக்கொண்டு வாதிடுபவர்களுக்கும் சில நடைமுறைக் குறிப்புகள்.

கல்வெட்டில் முதலில் பார்க்க வேண்டியது அரசர் பெயர் முழுமையாக இருக்கிறதா என்பது. சோழர்கள் கோப்பரகேசரி, கோராசகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடியவர்கள். 'கோப்பரகேசரிவர்மற்கு யாண்டு 5' என்று மட்டும் இருந்தால் அது விசயாலயன், முதல் பராந்தகன், உத்தம சோழன், முதல் இராசேந்திரன் ஆகியோரில் யாராகவும் இருக்கலாம். நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் இடைவெளி விழும். மெய்க்கீர்த்தியும் (கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழ் பாடும் பகுதி) எழுத்தமைதியும் (எழுத்தின் வடிவம்) இல்லாமல் காலம் சொல்லக் கூடாது. அடுத்து, கைக்கோளர் அங்கே என்ன செய்கிறார் என்று பாருங்கள். அணையாமல் எரியும் நந்தாவிளக்குக்கு 'சாவா மூவாப் பேராடு' (எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டிய ஆடுகள்) தொண்ணூறோ தொண்ணூற்றாறோ விட்டிருந்தால் அவர் வசதியுள்ள கொடையாளி. படைப்பெயரோடு வந்தால் வீரர். தறிக்கடமையோடு வந்தால் நெசவாளர். மூன்றையும் ஒரே ஆளாக ஒட்டிவிடுவதுதான் சாதிச் சங்க மலர்களில் அடிக்கடி நடக்கும் தவறு.

சாதிச் செப்பேடுகள் தனி வகை. மூல காலம் ஒன்று போட்டிருக்கும், எழுதிய காலம் வேறாக இருக்கும். சோதிக்க எளிய வழி, சக ஆண்டோடு 78ஐக் கூட்டிக் கிறித்துவ ஆண்டைப் பெற்று, செப்பேட்டில் சொல்லும் தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுச் சுழற்சியில் பொருந்துகிறதா என்று பார்ப்பது. சக 1407 என்றால் 1485. 2025இல் தொடங்கியது விசுவாவசு. இடையே 540 ஆண்டு, சரியாக ஒன்பது சுற்று. ஆகவே சக 1407க்கு விசுவாவசு வர வேண்டும். பிரபவ என்றிருந்தால் எங்கோ உதைக்கிறது. நடப்பு ஆண்டு, கழிந்த ஆண்டு என்று எண்ணும் முறையால் ஒரு வருடம் முன்பின் ஆகலாம். அதற்கு மேல் போனால் செப்பேட்டை நம்பி வம்சாவளி எழுத வேண்டாம். சோழர் காலத் தேதி போட்ட செப்பேட்டில் துப்பாக்கியோ கும்பினியோ (கிழக்கிந்தியக் கம்பெனி) வந்தால் கணக்கே போட வேண்டியதில்லை.

குடும்ப அளவில் நம்பகமானவை குலதெய்வக் கோயில், பங்காளிகள் யார், பெண் கொடுத்து வாங்கிய ஊர்கள் எவை, பழைய கிரயப் பத்திரத்தில் எழுதிக்கொடுத்தவர் பெயருக்குப் பின்னால் சாதியும் தொழிலும் எப்படி எழுதப்பட்டன என்பவை. பத்திரத்தில் தந்தை பெயரும் ஊரும் சேர்ந்து வருவதால் தலைமுறையைத் தவறாமல் கோக்கலாம். கோயில் திருவிழாவில் எந்த நாளின் மண்டகப்படி எந்தத் தெருவுக்கு என்ற கணக்கும் நல்ல சான்று. பணம் கட்டும் பொறுப்பு என்பதால் யாரும் அதில் அலட்சியமாக எழுதுவதில்லை.

கடைசியாக ஒரு அன்றாடச் சிக்கல். தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் செங்குந்தரும் கைக்கோளரும் உண்டு. 'முதலியார்' என்ற வெறும் பட்டம் சாதிப் பெயராக எடுபடாது. தொண்டைமண்டல சைவ வேளாளர் முற்பட்ட வகுப்பில் இருப்பதால், பள்ளிச் சான்றில் 'இந்து முதலியார்' என்று மட்டும் இருந்தால் வருவாய்த் துறையில் விண்ணப்பம் நின்றுவிடும். அப்பாவுடைய அல்லது அவர் உடன்பிறந்தவருடைய பழைய சாதிச் சான்றிதழில் செங்குந்தர் அல்லது கைக்கோளர் என்று இருந்தால் அதன் நகலை விண்ணப்பத்தோடே இணைத்துவிடுங்கள். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போதே பட்டத்தை விட்டுவிட்டுப் பட்டியலில் உள்ள பெயரை எழுதினால் இந்த அலைச்சலே வராது.